எல்லைத் தகராறு முதலில் வாசகத்தில்தான் பிறக்கிறது

1881-இல் அர்ஜென்டினாவும் சிலியும் ஓர் எல்லை உடன்படிக்கை செய்துகொண்டன. ஆண்டிஸ் மலைத்தொடரில் நீரைப் பிரிக்கும் மிக உயர்ந்த சிகரங்களின் வழியே எல்லை செல்லும் என்று எழுதினார்கள். படித்தால் ஒரு குறையும் தெரியாது. மலைத்தொடரின் வடபகுதியில் பெரிய சிக்கலும் வரவில்லை. அங்கே சிகரங்களின் வரிசையும் நீர் பிரியும் மேடும், அதாவது மழைநீர் இரு திசையாகப் பிரிந்து ஓடும் முகடும், ஏறக்குறைய ஒன்றுதான். தெற்கே படகோனியாவில் அப்படியில்லை. பழங்காலப் பனியாறுகள் மண்ணை அரித்தும் குவித்தும் போட்டதில், நீர் பிரியும் மேடு சிகரங்களுக்கு வெகு கிழக்கே சமவெளிப் பக்கம் போய்விட்டது. கிழக்கில் பிறக்கும் ஆறுகள் மலையை ஊடறுத்துக்கொண்டு பசிபிக்கில் கலக்கின்றன. ஆக, ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு கோடுகள். அர்ஜென்டினா சிகரத்தைப் பிடித்துக்கொண்டது, சிலி நீரைப் பிடித்துக்கொண்டது. நடுவில் அகப்பட்ட பள்ளத்தாக்குகளால் மூண்ட பகையில் இரு நாடுகளும் போட்டி போட்டுப் போர்க்கப்பல் வாங்கின. 1902-இல் பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டு நடுவராக இருந்து கொடுத்த கோடு, இரு தரப்பும் கேட்ட கோடுகளுக்கு இடையில் ஓடியது.

எல்லைச் சண்டை என்றதும் இனம், மதம், மொழி என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். அவற்றின் பங்கு பெரிது, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் அந்தப் பகைக்குப் பிடிமானம் கொடுப்பது பெரும்பாலும் உடன்படிக்கையில் உள்ள ஒரு தளர்ந்த வரிதான். அதனால் எல்லை எப்படி உருவாகிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

வேலை நான்கு கட்டமாக நடக்கிறது. எந்தப் பகுதி யாருக்கு என்ற அரசியல் முடிவு முதலில். அதை வாசகமாகவும் வரைபடமாகவும் ஆக்குவது இரண்டாவது, இதுதான் வரையறை. களத்தில் இறங்கி அளந்து கல் நாட்டுவது மூன்றாவது. கல்லைக் காப்பதும், சாய்ந்ததை நிமிர்த்துவதும், புதருக்குள் மறைந்த கோட்டை வெட்டித் திறப்பதும் நான்காவது. அரசுகள் இரண்டாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்றாவதை ஒத்திப்போடுவதுதான் வழக்கமான கேடு. எரித்ரியா–எத்தியோப்பியா எல்லை ஆணையம் 2002 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. போர் தொடங்கிய பாத்மே ஊர் எரித்ரியாவுக்கு என்பது அந்தத் தீர்ப்பின்படி உறுதியானது. ஆனால் எத்தியோப்பியா கல் நாட்ட வழி விடவில்லை. ஆணையம் கடைசியில் ஆயத்தொலைவு எண்களாக எல்லையைப் பட்டியலிட்டுக் கொடுத்துவிட்டுக் கலைந்தது. சட்டப்படி கோடு இருந்தது, தரையில் படைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

வரையறையில் எங்கே தவறு நடக்கிறது? முதல் இடம் பேனாவின் கனம். பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவுத்திட்ட வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் கனத்தில் கோடு போட்டால், அது தரையில் 500 மீட்டர் அகலம். இரண்டரை லட்சத்துக்கு ஒன்று என்றால் 125 மீட்டர். ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்றால்கூட 25 மீட்டர். கோட்டின் இந்த ஓரமா, அந்த ஓரமா, நடுவா என்று எழுதாமல் விட்டால், ஒரு கிணறோ ஒரு தெருவோ கோட்டுக்குள்ளேயே கிடக்கும். எண்களால் எழுதினாலும் கவனம் வேண்டும். அட்சரேகையில் ஒரு நிமிடம் (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) என்பது சுமார் 1.85 கிலோமீட்டர், ஒரு நொடி (நிமிடத்தின் அறுபதில் ஒரு பங்கு) என்பது சுமார் 31 மீட்டர். நொடியின் பத்தில் ஒரு பங்குவரை எழுதினால்தான் மூன்று மீட்டருக்குள் வரும். அந்த எண்கள் எந்த டேட்டத்தை, அதாவது பூமியின் வடிவத்துக்கான எந்த அடிப்படைக் கணக்கைச் சார்ந்தவை என்றும் குறிக்க வேண்டும். பழைய நில அளவைக் கணக்கில் எடுத்த எண்ணை இன்றைய ஜிபிஎஸ் கருவியில் அப்படியே போட்டால், புள்ளி நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்து விழுவது சாதாரணம்.

அமெரிக்கா–கனடா எல்லையின் மேற்குப் பகுதி 49-ஆம் அட்சரேகை என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். 19-ஆம் நூற்றாண்டில் அளந்தவர்கள் நட்சத்திரங்களைப் பார்த்து, தூக்குக்குண்டைச் செங்குத்தாக எடுத்துக்கொண்டு அளந்தார்கள். பக்கத்து மலைகளின் ஈர்ப்பு தூக்குக்குண்டையே சாய்த்துவிடும். அதனால் கற்கள் உண்மையான அட்சரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும் சிதறி நிற்கின்றன, சில இடங்களில் நூறு மீட்டருக்கும் மேல் விலகி. ஆனால் தகராறு இல்லை. ஏனென்றால் நட்ட கல்தான் எல்லை, அட்சரேகை அல்ல என்று இரு நாடுகளும் ஒப்புக்கொண்டுவிட்டன. துல்லியத்தைவிட இந்த ஒப்புதல் பெரியது என்பது என் உறுதியான எண்ணம். வாசகம், வரைபடம், கல், ஆயத்தொலைவு எண்கள் ஆகிய நான்கும் முரண்பட்டால் எது மேலோங்கும் என்று ஒரே ஒரு வரி எழுதிவைத்தால் போதும், பல பத்தாண்டு வழக்குகள் எழாமலே போகும்.

அந்த ஒரு வரி இல்லாததால் என்ன ஆகும் என்பதற்கு பிரியா விகார் கோயில் சான்று. 1904-இல் கம்போடியாவை ஆண்ட பிரான்சும் சியாமும் (இன்றைய தாய்லாந்து) செய்த உடன்படிக்கை டாங்ரெக் மலையில் நீர் பிரியும் மேடுதான் எல்லை என்றது. பிறகு பிரெஞ்சு அதிகாரிகள் தயாரித்து 1907-இல் வெளியான வரைபடம் கோயிலைக் கம்போடியப் பக்கம் காட்டியது. வரைபடம் வாசகத்துக்குப் பொருந்தவில்லை என்பது தாய்லாந்தின் வாதம். சர்வதேச நீதிமன்றம் 1962-இல் ஒன்பதுக்கு மூன்று என்ற கணக்கில் கோயில் கம்போடியாவுக்கு என்றது. காரணம், சியாம் அந்த வரைபடத்தை வாங்கி, கூடுதல் பிரதிகளும் கேட்டுப் பெற்று, பல பத்தாண்டுகள் மறுப்பே தெரிவிக்கவில்லை. எல்லை விவகாரத்தில் மௌனம் சம்மதமாகவே எண்ணப்படும். அயல்நாடு ஒரு வரைபடத்தை வெளியிட்டால், பிடிக்காத இடத்தை உடனே எழுத்தில் மறுப்பது அதனால்தான் வெளியுறவு அமைச்சகங்களின் அன்றாட வேலை.

கல் நாட்டும் வேலைக்கு ஒரு பழைய விதி உண்டு. ஒரு தூணில் நின்றால் அடுத்த தூண் தெரிய வேண்டும். தெரியாத இடத்தில் இடைக்கற்கள் நடுவார்கள். அமெரிக்கா–கனடா எல்லையில் பக்கத்துக்கு மூன்று மீட்டராக மொத்தம் ஆறு மீட்டர் அகலத்துக்கு மரம் வெட்டித் திறந்து வைத்திருக்கிறார்கள். மூன்று நாடுகள் சந்திக்கும் புள்ளியை இரண்டு நாடுகள் மட்டும் கூடித் தீர்மானிக்க முடியாது. கவனமாக எழுதும் உடன்படிக்கைகள் அந்தப் புள்ளிக்குச் சற்று முன்பாகவே நின்றுவிடும்.

ஆறுதான் எல்லாவற்றிலும் தொல்லை. வரைபடத்தில் அழகாகத் தெரிவதால் பேச்சுவார்த்தை நடத்துபவர்கள் ஆற்றைத் தேடிப் பிடிக்கிறார்கள். ஆற்றில் எல்லை எங்கே? கரையிலா, இரு கரைக்கும் சம தூரத்தில் ஓடும் நடுக்கோட்டிலா, படகு செல்லும் ஆழமான வாய்க்காலின் வழியிலா? படகு ஓடும் ஆறுகளுக்கு மூன்றாவதையே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள், அதற்குத் தால்வெக் என்று பெயர். ஆறு இரண்டாகப் பிரிந்து ஒரு தீவைச் சுற்றிப் போனால் முதன்மைக் கிளை எது என்ற கேள்வி வரும். சோபே ஆற்றில் கசிகிலி அல்லது செடுடு என்ற தீவு சுமார் 3.5 சதுர கிலோமீட்டர். 1890-இல் பிரிட்டனும் ஜெர்மனியும் எழுதிய ஒரு வரியால், சுதந்திர நாடுகளாகிவிட்ட போட்ஸ்வானாவும் நமீபியாவும் நூறாண்டு கழித்து நீதிமன்றத்தில் நின்றன. ஆழம், அகலம், ஓடும் நீரின் அளவு ஆகியவற்றை ஒப்பிட்டு, வடக்குக் கிளையே முதன்மையானது, தீவு போட்ஸ்வானாவுக்கு என்று 1999-இல் தீர்ப்பு வந்தது. இரு நாட்டுப் படகுகளும் இரண்டு கிளைகளிலும் தடையின்றிப் போகலாம் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. எனக்கு அந்தப் பகுதிதான் முக்கியமாகப் படுகிறது.

ஆறு இடம் மாறினால்? மெல்ல மெல்லக் கரையை அரித்து நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும். வெள்ளத்தில் ஒரே பாய்ச்சலாகப் புதுத் தடம் பிடித்தால் எல்லை பழைய தடத்திலேயே நிற்கும். விதி தெளிவு, எது நடந்தது என்பதை நிறுவுவதுதான் கடினம். அமெரிக்கா–மெக்சிகோ எல்லையான ரியோ கிராண்டே ஆறு தெற்கே நகர்ந்ததில், எல் பாசோ நகரை ஒட்டிய சமிசால் நிலம் அமெரிக்கப் பக்கம் சேர்ந்தது. 1864 வெள்ளத்துக்கு முன் நகர்ந்தது மெல்லவா, பின் நகர்ந்தது திடீரென்றா என்ற வழக்கில் 1911-இல் நடுவர் தீர்ப்பு வந்தும் அமெரிக்கா அதை ஏற்கவில்லை. 1963-இல்தான் உடன்பாடு எட்டியது. அதன்பின் அங்கே ஆற்றையே கான்கிரீட் வாய்க்காலுக்குள் விட்டார்கள்.

முடிந்தவரை ஆற்றை எல்லையாக்கக் கூடாது என்பேன். நகர்வது மட்டும் காரணமல்ல. ஆற்றின் இரு கரையிலும் ஒரே பாசனம், ஒரே சந்தை, பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஒரே உறவு. நீர் பிரியும் மேட்டில் ஆள் நடமாட்டம் குறைவு. ஆறு சேர்த்துவைத்த வாழ்க்கையை ஆற்றின் நடுவிலேயே வெட்டுவதால் வரும் வலி எந்த அளவைக் கருவியிலும் பதிவாவதில்லை.

இங்கேதான் அரசுகளுக்குள் இயங்கும் விசைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்கப் புவியியலாளர் ரிச்சர்ட் ஹார்ட்ஷோர்ன் 1950-இல் அவற்றை மையநோக்கு விசை, மையவிலக்கு விசை என்று பிரித்தார். தூரம், மலை, கடல், மொழி வேறுபாடு எல்லாம் விலக்குபவை. ஆனால் அவர் முதலிடம் கொடுத்த கேள்வி வேறு: இந்த அரசு எதற்காக இருக்கிறது என்ற எண்ணத்தை அதன் எல்லாப் பகுதி மக்களும் ஏற்கிறார்களா?

பாகிஸ்தான் 1947-இல் இரு துண்டாகப் பிறந்தது, நடுவே சுமார் 1,600 கிலோமீட்டர் இந்திய நிலம். தூரம்தான் பிரித்தது என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் போதாது. பெரும்பான்மை மக்கள் கிழக்கில் இருந்தார்கள். படையும் தலைநகரும் மேற்கில் இருந்தன. உருது மட்டுமே ஆட்சிமொழி என்ற அறிவிப்பு 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் உயிர்களைக் குடித்தது. 1956 அரசியலமைப்பு வங்காளத்தையும் ஆட்சிமொழியாக ஏற்றது, ஆனால் வருவாயும் அதிகாரமும் நகரவில்லை. 1970 தேர்தலில் கிழக்கின் 162 தொகுதிகளில் 160-ஐ அவாமி லீக் வென்றது. 300 தொகுதிகள் கொண்ட அவையில் அது தெளிவான பெரும்பான்மை. அவையைக் கூட்டவே இல்லை. மொழியை ஏற்றுவிட்டு ஆட்சியை மறுத்தால் விலகல் நிற்காது. 1971 டிசம்பரில் வங்கதேசம் தனி நாடாக நிலைபெற்றது.

மறுபக்கம் சுவிட்சர்லாந்து. பெர்ன் மாநிலத்துக்குள் பிரெஞ்சு பேசும் ஜூரா பகுதி பிரிவு கேட்டது. அங்கே அடுக்கடுக்காக வாக்கெடுப்பு நடத்தினார்கள். 1974-இல் பகுதி முழுவதும் வாக்களித்தது, அடுத்து மாவட்டம் மாவட்டமாக, பிறகு எல்லையோர ஊர்கள் தனித்தனியாக. தெற்கு மாவட்டங்கள் பெர்னிலேயே இருக்கத் தீர்மானித்தன. அவர்களும் பிரெஞ்சு பேசுபவர்கள்தான், ஆனால் மதம் வேறு, தெற்கு புராட்டஸ்டண்ட், வடக்கு கத்தோலிக்கம். 1979-இல் ஜூரா தனி மாநிலமானது. மூத்தியே நகரம் 2021-இல் மறுபடி வாக்களித்து, 2026 ஜனவரி 1 முதல் ஜூராவில் சேர்ந்தது. உள் எல்லையை இப்படி நகர்த்த வழி இருந்ததால், நாட்டின் வெளி எல்லையைப் பற்றி யாரும் கேள்வி எழுப்பவே இல்லை.

வாக்கெடுப்பு மட்டும் போதாது என்பதை டென்மார்க்–ஜெர்மனி எல்லையிலுள்ள ஷ்லெஸ்விக் பகுதி காட்டுகிறது. 1920-இல் வடக்கு மண்டலம் டென்மார்க்கையும், அடுத்த மண்டலம் ஜெர்மனியையும் தேர்ந்தெடுத்தன. கோட்டின் இருபுறமும் சிறுபான்மையினர் தங்கிவிட்டார்கள், எந்தக் கோட்டாலும் அதைத் தவிர்த்திருக்க முடியாது. 1955-இல் மேற்கு ஜெர்மனியும் டென்மார்க்கும் வெளியிட்ட பிரகடனங்கள், தன்னை டேனியர் அல்லது ஜெர்மானியர் என்று சொல்லிக்கொள்வது அவரவர் உரிமை, அதை அதிகாரி சோதிக்கக் கூடாது என்றன. பள்ளிகளுக்கு இடம் கிடைத்தது. டேனியச் சிறுபான்மைக் கட்சிக்கு ஐந்து சதவீத வாக்கு வரம்பிலிருந்து விலக்குக் கிடைத்தது. கல் நகரவில்லை, கல்லின் இருபுறமும் வாழ்வது எளிதானது.

ஒரு நாடு உடையும்போது உள் எல்லைகள் அப்படியே சர்வதேச எல்லைகளாகிவிடுவதும் உண்டு. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு 1964-இல் காலனியாட்சி விட்டுச்சென்ற எல்லைகளை மதிப்பதாகத் தீர்மானித்தது. உடைந்த யூகோஸ்லாவியாவின் குடியரசுகளுக்கும் 1992-இல், அதன் சட்டச் சிக்கல்களை ஆராய்ந்த பாடின்டர் ஆணையம் இதே நியாயத்தைச் சொன்னது. ஒவ்வொரு ஊராகத் தோண்டத் தொடங்கினால் முடிவே இருக்காது என்ற அளவில் இது சரி. ஆனால் நிர்வாக எல்லையை வரைந்தவர்கள் அதில் ஒருநாள் சோதனைச் சாவடி வரும் என்று நினைத்து வரையவில்லை. சோவியத் காலத்தில் கிர்கிஸ்–தாஜிக் எல்லை சாலையையும் வாய்க்காலையும் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொண்டு போனது. வெவ்வேறு பத்தாண்டுகளின் வரைபடங்கள் வெவ்வேறு கோட்டைக் காட்டின. 2021 ஏப்ரலில் கோலோவ்னோய் நீர்ப்பகிர்வு மதகருகே தொடங்கிய மோதல் பலரைக் கொன்றது, 2022-இல் மீண்டும் வெடித்தது. 2025 மார்ச் 13 அன்றுதான் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது. இப்படிப்பட்ட ஒப்பந்தங்களைப் படிப்பவர்கள் எந்தக் கிராமம் யாருக்குப் போனது என்பதோடு நின்றுவிடாமல், மதகை யார் திறப்பார்கள், சாலையில் யார் போகலாம், கல்லைப் பார்வையிடும் கூட்டுக்குழு ஆண்டுக்கு எத்தனை முறை கூடும் என்ற பிரிவுகளையும் தேடிப் படிக்க வேண்டும்.

இயற்கையே எல்லையை நகர்த்தும் இடங்களில் அந்தக் குழுவுக்கு வேலை கூடிவிட்டது. ஆல்ப்ஸில் நீர் பிரியும் மேடு பல இடங்களில் பனியாற்றின் முதுகில்தான் இருந்தது, பனி உருக உருக அது விலகுகிறது. இத்தாலி இதற்காக ஆஸ்திரியாவுடனும் சுவிட்சர்லாந்துடனும், மேடு நகர்ந்தால் எல்லையும் நகரும் என்ற ஏற்பாட்டைச் செய்துகொண்டிருக்கிறது. செர்மாட் பனிச்சறுக்குப் பகுதிக்கு மேலே மாறிய எல்லையை 2024-இல் சுவிஸ் அரசு ஏற்றுக்கொண்டது. இரு நாட்டு அளவையாளர்களும் அளந்து வரைந்த கோடு அது.