ஆடிப்பட்டம் முடிஞ்சுது

சேலம் வெயிலுக்கு மொட்டை மாடியில ஒண்ணும் வராதுன்னாங்க பக்கத்து வீட்டு அக்கா. ஆடியில போட்ட கத்தரி இன்னும் காய்ச்சுட்டு இருக்குது. மதியத்துக்கு மேல நிழல்வலை கட்டினா போதும்.

பீர்க்கைதான் ஆட்டம் காட்டுச்சு. கொடி பூரா மஞ்சப்பூ, பிஞ்சு மட்டும் வெம்பி உதிருது. விஷயம் என்னன்னா, பீர்க்கம்பூ விரியறதே சாயங்காலம். மாடிக்கு அந்நேரம் பூச்சி எதுவும் வர்றதில்ல போல. அதனால நாமளே கைவைக்கணும். பூவுக்கு அடியில குட்டிப் பிஞ்சு ஒட்டியிருந்தா பெண்பூ. ஆண்பூவைப் பறிச்சு, இதழைக் கிள்ளிட்டு, மகரந்தத்தைப் பெண்பூ நடுவுல லேசா தடவுங்க. பிஞ்சு பச்சையா நின்னு நீள ஆரம்பிச்சா பிடிச்சிருச்சுன்னு அர்த்தம்.

வெண்டையில மாவுப்பூச்சிக்கு: ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூடவே கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். சோப்பு இல்லாட்டி எண்ணெய் தண்ணியில கலக்காது. வெயில் தாழ்ந்தப்புறம் இலைக்கு அடிப்பக்கமும் அடிக்கணும்.

கேரட், பீன்ஸ் ஆசையெல்லாம் ஏற்காட்டுக்காரங்களுக்கு விட்டுட்டேன். கீழ நமக்குக் கொத்தவரை இருக்குது.

லாபமான்னு மட்டும் கேட்காதீங்க, சூரமங்கலம் உழவர் சந்தையில இதைவிட மலிவு!

முத்தின பீர்க்கை விதை காய வெச்சிருக்கேன். தைப்பட்டத்துக்கு வேணும்ங்கறவங்க இன்பாக்ஸ் வாங்க.