பின்னாலிருந்து தள்ளுகிற டிரைவர்

1966-ல் ரயில்வேயில் சேர்ந்தபோது எனக்கு 22 வயசு. வேலைக்குப் பெயர் கிளீனர். நீராவி என்ஜின் டிரைவர் ஆக வேண்டும் என்று என்னைப் போலப் பள்ளிப் படிப்போடு வந்தவர்களுக்கு அந்த வாசல்தான் திறந்திருந்தது. என்ஜினைத் துடைக்கிற கிளீனர், தீக்குக் கரி போடுகிற இரண்டாம் ஃபயர்மேன், முதல் ஃபயர்மேன், யார்டுக்குள் என்ஜினை நகர்த்துகிற ஷன்டர், அப்புறம்தான் டிரைவர். அந்தப் படிகளை ஏறி முடிக்க எனக்கு 18 வருஷம் ஆனது. பிறகு 2004 வரை மேட்டுப்பாளையம் - ஊட்டி மலை ரயிலை ஓட்டினேன். அந்த வேலையை எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று பேரப்பிள்ளைகள் கேட்பதால் எழுதுகிறேன்.

கிளீனர் வேலையில் சொல்ல அதிகமில்லை. கையில் மண்ணெண்ணெய் நனைத்த காட்டன் வேஸ்ட், உடம்பெல்லாம் கரி. ஆனால் ஒரு லாபம் உண்டு. என்ஜினுடைய ஒவ்வொரு ராடையும் ஒவ்வொரு போல்ட்டையும் கையால் தொட்டுத் துடைத்தவனுக்கு, ஓடும்போது எங்கே தட்டுகிறது என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

பொள்ளாச்சி, திண்டுக்கல் பக்கம் மீட்டர் கேஜ் வண்டிகளில் ஃபயர்மேனாக இருந்தபோதுதான் தீயைப் படித்தேன். முதல் மாதம் கரியை நடுவில் கொட்டிக் குவித்தேன். தீ கறுத்துப்போய் பிரஷர் முள் இறங்க ஆரம்பித்தது. டிரைவர் அண்ணன் திட்டவில்லை. ஷவலை வாங்கி, நாலு மூலைக்கும் பின்புறத்துக்கும் மெல்லிசாக வீசிக் காட்டினார். "கரியைக் கொட்டாதே தம்பி, தூவு. புகையைப் பார், அதுவே சொல்லும்" என்றார். புகைபோக்கியில் கன்னங்கரேலென்று வந்தால் கரி அதிகம் அல்லது காற்று குறைவு. ஒன்றுமே தெரியாவிட்டால் தீ மெலிந்துபோய் சூடேறாத காற்று உள்ளே போகிறது. லேசான சாம்பல் நிறம்தான் சரி. அந்த நிறத்தை வரவைக்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

அவர் சொன்ன இன்னொரு பாடம் தண்ணீர். பாய்லருக்குள் கரி எரிகிற தீ அறையின் கூரைத் தகட்டுக்கு மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். அது வற்றினால் தகடு பழுத்து பாய்லரே வெடிக்கும். அதற்காகத்தான் அந்தக் கூரையில் ஈயம் அடைத்த பிளக் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் இறங்கினால் ஈயம் உருகி, நீராவி தீக்குள் பாய்ந்து எச்சரிக்கும். பிளக் உருகிப்போனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் டிரைவர். ஆகவே ஏறியதும் முதல் பார்வை, பாய்லரில் தண்ணீர் எவ்வளவு என்று காட்டும் கண்ணாடிக் குழாய் மேல்தான் விழ வேண்டும்.

1976-ல் மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு மலைக்கு வந்தேன். கற்றதில் பாதியை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. மலையடிவாரக் கல்லாறு ஸ்டேஷன் தாண்டினால் சில இடங்களில் சுமார் பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏற்றம். குன்னூர் வரை சுமார் 20 கிலோமீட்டருக்கு தண்டவாளங்களுக்கு நடுவே, என்ஜினின் பல்சக்கரம் பிடித்து ஏறுவதற்கான பல் பட்டைகள் ஓடும். இந்த மலையில் ஓடும் எக்ஸ் கிளாஸ் என்ஜினுக்கு நாலு சிலிண்டர். இரண்டு, சாதாரண சக்கரங்களுக்கு. அவை உபயோகித்து விட்ட நீராவியையே மற்ற இரண்டும் வாங்கிப் பல்சக்கரத்தைச் சுழற்றும். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த என்ஜின்கள். சரிவில் நிற்கும்போது கண்ணாடிக் குழாயில் தெரியும் தண்ணீர், சமதளத்தில் தெரிகிற தண்ணீர் அல்ல. இத்தனை தெரிந்தால் உள்ளே இத்தனை இருக்கிறது என்று மனசுக்குள் கணக்குப் போட வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம், என்ஜின் பின்னால் இருப்பது. ஏறும்போது நாம் இழுப்பதில்லை, தள்ளுகிறோம். எதிரே பெட்டிகள்தான் தெரியும், வழி தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் நிற்கிற பிரேக்ஸ்மேன்தான் வழியைப் பார்க்கிறார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் உண்டு. முன்னவர் காட்டும் கொடியை அடுத்தவர் வாங்கிக் காட்ட, கடைசியில் அது நமக்கு வந்து சேரும். சமவெளியில் சிக்னலை என் கண்ணால் பார்த்தே பழகியவன் நான். முகம் தெரியாத ஒருவர் கையிலிருக்கும் துணியை நம்பி, நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரைத் திறக்க ரொம்ப நாள் மனசு வரவில்லை.

டிரைவர் தேர்வு 1984-ல். அதற்கு முன் மருத்துவப் பரிசோதனை. தூரப் பார்வை தெளிவாக இருக்க வேண்டும், நிறம் பிசகக் கூடாது. லோகோ இன்ஸ்பெக்டர் வாய்மொழியாகக் கேட்டார். குழாய்க் கண்ணாடி உடைந்தால்? மேல் கீழ் இரண்டு அடைப்பானையும் மூடி, இன்னொரு குழாயைப் பார்ப்பேன். பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் இரண்டு இன்ஜெக்டரும் பிடிக்கவில்லை என்றால்? வண்டியை நிறுத்தித் தீயைக் கீழே தள்ளுவேன். "வண்டி தாமதமாகுமே?" என்றார். "ஆகட்டுங்க" என்றேன். அத்தோடு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். விடிகாலையில், வேலைக்கு அழைக்க வரும் கால் பாய் கதவைத் தட்டி நோட்டை நீட்டுவது மட்டும் அப்புறமும் மாறவில்லை. முன்பு ஃபயர்மேன் என்று போட்டிருந்த இடத்தில் இப்போது டிரைவர் என்று இருந்தது, அவ்வளவுதான்.

தனியாக ஓட்டிய முதல் வாரம் கல்லாறில் உள்ளங்கை வேர்த்தது. பல் பட்டை தொடங்கும் இடத்தில் வண்டியை ஊர்ந்து போக விட வேண்டும். பட்டையின் முனை ஸ்பிரிங் மேல் நிற்கும். பல்லோடு பல் இசையும் கணத்தில் காலுக்கடியில் ஒரு சின்ன அதிர்வு வரும். அது வந்தபின்தான் அடுத்த இரண்டு சிலிண்டருக்கு நீராவி. அதற்குப் பிறகு மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் கிடையாது.

ஒரு ஐப்பசி மாதம், இரவெல்லாம் மழை. ஹில்குரோவ் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் கீழே ஏறிக்கொண்டிருந்தோம். மூன்றாவது பெட்டியில் சிவப்பு. ஏன் என்று யோசிக்கவே இல்லை, கை தானாக ரெகுலேட்டரை மூடியது. பிரேக் பிடித்து வண்டி நின்றபின் இறங்கி முன்னால் நடந்தேன். பல் பட்டை மேல் தேங்காய் அளவு கல் ஒன்று, அதன் பின்னால் ஈர மண். முதல் பெட்டிக்கும் கல்லுக்கும் நடுவே பத்தடி இருக்கும். பிரேக்ஸ்மேன் தம்பி நனைந்துபோய் நின்றான். வயசு 25 இருக்கும். "ஏனுங்கண்ணா, லேட்டாக் காட்டிட்டனுங்களா?" என்று கேட்டான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன், பேச்சு வரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் கல்லை உருட்டினோம். அன்றிலிருந்து புறப்படும் முன் பிளாட்பாரத்தில் முதல் பெட்டி வரை நடந்துபோய், அன்றைக்கு நிற்கிறவர் யார் என்று பார்த்துப் பேசிவிட்டு வருவேன். டீ குடித்தாரா, சரியாகத் தூங்கினாரா என்று கேட்பேன். என் கண் அவர்தானே.

இறங்கும்போது என்ஜின் முன்னால் வந்துவிடும், வழி தெரியும். ஆனால் எனக்கு ஏற்றம்தான் பிடிக்கும். இறக்கத்தில் வண்டியைப் பிடித்து வைப்பதே வேலை. சிலிண்டரிலேயே காற்றை அழுத்தி, அந்த எதிர்ப்பில் வேகத்தை அடக்குவோம். ஏற்றத்திலோ தீ, தண்ணீர், கொடி மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து நடக்கும். நன்றாகத் தீ போடும் ஃபயர்மேன் அமைந்துவிட்டால், ரன்னிமேடு ஸ்டேஷன் தாண்டிப் பனி இறங்கும்போது நாலு சிலிண்டரும் மூச்சு விடும் சத்தம் பள்ளத்தாக்கில் மோதித் திரும்பி வரும். அதைக் கேட்கவே ஒருவன் இந்த வேலைக்கு வரலாம்.

கடைசி நாள் 2004-ல் குன்னூர் ஷெட்டில் என்ஜினை நிறுத்தினேன். மாலை போட ஆட்கள் காத்திருந்தார்கள். அதற்கு முன் ரிப்பேர் புத்தகத்தை வாங்கி, இடது இன்ஜெக்டர் பிடிக்க நேரம் எடுக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் ஓட்டப்போகிறவரிடம் வாயாலும் சொல்லிவிட்டு இறங்கினேன்.