மாடு கொடுத்தால் மட்டும் போதுமா?

நலத்திட்ட உதவி வழங்கும் விழாக்களைப் பார்த்திருப்பீர்கள். தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி, தள்ளுவண்டி என்று வரிசையாகக் கொடுத்து, ஆளுக்கொரு போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து அந்த மெஷின் ஓடுகிறதா, அடகுக்கடையில் இருக்கிறதா என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை, கொடுத்த கையோடு கிளம்பிவிடுகிறார்களே, அதுதான் எரிச்சல்.

இந்த விஷயத்தில் உருப்படியாக யோசித்தவர்கள் பிராக் என்ற வங்கதேசத்துத் தொண்டு நிறுவனத்தினர். ஃபஸ்லே ஹசன் அபேத் 1972-ல் தொடங்கியது. சிறுகடன் கொடுப்பதில் பெரிய கை. ஆனால் ஊரிலேயே அடிமட்டத்தில் இருக்கிற பெண்கள் கடன் வாங்க வருவதே இல்லை என்பதைக் கவனித்தார்கள். தவணை கட்ட முடியாது என்று அவர்களே ஒதுங்கிக்கொள்வார்கள், மற்ற பெண்களும் ‘இவள் கட்டாவிட்டால் நம் தலையில் விழும்’ என்று கடன் குழுவில் சேர்க்கத் தயங்குவார்கள். நம் ஊர் மகளிர் குழுக்களில் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அதனால் 2002-ல் கடனே இல்லாத ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஊர்க்காரர்களைக் கூட்டி உட்காரவைத்து, யார் வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று அவர்களையே வரிசைப்படுத்தச் சொல்லி, கடைசியில் வருகிற குடும்பங்களை வீடு வீடாகப் போய்ச் சரிபார்த்து எடுப்பது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒரு மாடோ, சில ஆடுகளோ, சின்ன வியாபாரத்துக்கான சரக்கோ இலவசம். அதோடு வளர்க்கக் கற்றுக்கொடுப்பது, சேமிக்கவைப்பது, உடம்புக்கு முடியாவிட்டால் உதவுவது, அப்புறம் ஊழியர் ஒருவர் அடிக்கடி வீட்டுக்கு வந்து விசாரிப்பது, இப்படியே சுமார் இரண்டு வருடம். மாட்டை யாரும் ஓட்டிக்கொண்டு போய்விடாமல் பார்த்துக்கொள்ள ஊர்ப் பெரிய மனிதர்களை வைத்து ஒரு கமிட்டிகூட உண்டு.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. ஆரம்ப மாதங்களில் சாப்பாட்டுச் செலவுக்குக் கையில் ஒரு சிறு தொகை கொடுத்தார்கள். மாடு வந்த மறுநாளே பால் கறந்து காசாகிவிடாது. கன்று ஈனும்வரை தீவனம் போட வேண்டும், மாட்டைப் பார்த்துக்கொள்கிற நேரத்துக்குக் கூலி வேலை போகும், அதுவரை வயிறு காத்திருக்குமா? பிள்ளைக்கு நாலு நாள் காய்ச்சல் வந்தால் போதும், மாட்டை விலை பேச வாசலில் தரகர் வந்து நிற்பார்.

இதே மாதிரித் திட்டம் பலன் தருகிறதா என்று அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைப் பார்த்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்தும் பெரும்பாலான இடங்களில் சாப்பாடு, வருமானம், சேமிப்பு எல்லாம் கூடியிருந்தன. ஹோண்டுராஸில் சொதப்பியது, அங்கே கொடுத்தது பெரும்பாலும் கோழிகள், நோய் வந்து நிறையச் செத்துப்போயின. மேற்கு வங்கத்தில் பத்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் பலன் நின்றிருந்தது. கானாவில் இன்னொன்றையும் சோதித்தார்கள்: சில குடும்பங்களுக்கு ஆடு மட்டும் கொடுத்துவிட்டு மற்றதெல்லாம் இல்லை. அவர்களுக்குப் பலன் நிலைக்கவில்லை. நம் மேடைகளில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதானே.

வங்கதேசத் தரவுகளை வைத்துச் செய்த மற்றொரு ஆய்வு சொல்வது இன்னும் சங்கடமானது. கொடுத்ததையும் சேர்த்து ஒரு குடும்பத்தின் சொத்து ஒரு குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டினால் அது மேலே ஏறுகிறது, அந்த மட்டத்துக்குக் கீழேயே நின்றுவிட்டால் மறுபடி பழைய நிலைக்குச் சரிகிறது. அப்படியானால் 500 பேருக்கு இஸ்திரிப் பெட்டி கொடுப்பதைவிட 50 பேருக்கு முழுசாகச் செய்வது மேல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஓட்டுக் கணக்குக்கு இது ஒத்துவராது, தெரியும்.

ஆளுக்கு இவ்வளவு செலவா, தொண்டு நிறுவனம் செய்யலாம், அரசாங்கத்தால் முடியுமா என்பார்கள். பீகார் செய்துகொண்டிருக்கிறது. 2016-ல் மதுவிலக்கு வந்தபோது கள், நாட்டுச் சாராயத்தை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. 2018-ல் அவர்களையும் மற்ற பரம ஏழைகளையும் சேர்த்து ‘சதத் ஜீவிகோபார்ஜன் யோஜனா’ (நிலையான பிழைப்புக்கான திட்டம்) என்று ஆரம்பித்தார்கள். மளிகைக் கடையோ ஆடு மாடோ வைத்துக்கொடுத்து, முதல் சில மாதங்களுக்குக் கைச்செலவுக்கும் பணம் தந்து, கூடவே வீட்டுக்கு வந்து கணக்குப் பார்க்க ஒரு ஆளையும் வைத்தார்கள். பெண்கள் குழுக்கள் வழியாகவே இது நடக்கிறது. குழுக்கள் நம்மிடமும் இருக்கின்றன, 1989-லேயே தர்மபுரியில் தொடங்கியவர்கள் நாம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாரையும் முதலாளி ஆக்கிவிடலாம் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பிராக் திட்டமே உழைக்கத் தெம்புள்ள ஒருவராவது இருக்கிற வீட்டைத்தான் எடுத்துக்கொள்கிறது. தனியாகக் கிடக்கிற எழுபது வயதுப் பாட்டியிடம் ஆட்டுக்குட்டியைப் பிடித்துக் கொடுத்துத் தொழில் செய் என்று சொல்வது கொடுமை, அவருக்கு முதியோர் பென்ஷன் தாமதமில்லாமல் வந்தால் போதும்.