ஜாக்கெட்டுக்குக் கை வைப்பது போல

டயாலிசிஸுக்காகக் கையில் பிஸ்டுலா (ரத்தக்குழாய் இரண்டை இணைத்துத் தைப்பது) போடணும் என்று முடிவானதும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கையால எழுதுவீங்க?" வலது என்றேன். "அப்போ இடது கையை இனி யாருக்கும் குடுக்காதீங்க. ஊசி, டிரிப்ஸ், பிபி எதுவும் அதுல கூடாது." அன்றே இடது கை வளையலைக் கழற்றினேன்.

கொஞ்சம் முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம். முந்தின மாதம் காய்ச்சலோடு வேறொரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது இடது முன்கையில்தான் மாற்றி மாற்றி டிரிப்ஸ் ஏற்றினார்கள். ஒரு நரம்பு கயிறு மாதிரி கெட்டிப்பட்டுவிட்டது. (நாம் நரம்பு என்கிறோம், அது சிரை.) மணிக்கட்டுப் பக்கத்துச் சிரை தப்பியிருப்பது ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேனில் தெரிந்தபிறகுதான் மூச்சு வந்தது.

டயாலிசிஸ் மிஷின் நிமிஷத்துக்குச் சுமார் 300 மில்லி ரத்தத்தை இழுக்கும். தோலுக்கடியில் பச்சையாகத் தெரிகிற சிரையால் அவ்வளவு தர முடியாது. ரத்தம் இதயத்துக்குத் திரும்புகிற வழி அது. அழுத்தம் குறைவு, சுவரும் மெலிசு. அழுத்தத்தோடு ரத்தம் வருகிற தமனியோ ஆழத்தில் கிடக்கிறது, வாரத்துக்கு மூன்று நாள் அதில் குத்த முடியாது. எனவே சிரையை வெட்டி, தமனியின் பக்கவாட்டைத் திறந்து, அதில் சிரையின் முனையைத் தைத்துவிடுகிறார்கள். நான் இருபது வருஷமாக ஜாக்கெட் தைக்கிறவள். உடம்புத் துணியில் கையை வைத்து மூட்டுவோமே, அதே வேலைதான்! நியூயார்க்கில் ப்ரெசியா, சிமினோ குழுவினர் 1966-ல் இப்படிச் சிரையையும் தமனியையும் நேராக இணைக்கிற முறையை வெளியிட்டார்களாம். அதற்கு முன் தோலுக்கு வெளியே குழாய் வைத்துத்தான் இரண்டையும் இணைத்தார்கள்.

மரத்துப்போக ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் முடிந்தது. கட்டுக்கு மேலே சிஸ்டர் என் விரலை வைத்து, "த்ரில் இருக்கா பாருங்க" என்றார். மோட்டார் ஓடும்போது தையல் மிஷின் பலகை அதிருமே, அப்படி ஒரு அதிர்வு. அது நின்றால் அடைப்பு, உடனே ஓடி வரணும் என்றார். அன்றிலிருந்து கண் விழித்ததும் காபிக்கு முன் அதைத்தான் தொட்டுப் பார்க்கிறேன்.

பிறகு ஸ்பாஞ்ச் பந்தை அமுக்கிக்கொண்டே காத்திருப்பு. வேகமாக ஓடுகிற ரத்தத்தின் உரசலைச் சிரையின் உட்சுவர் உணர்ந்து விரிந்து கொடுக்கும். அழுத்தம் தாங்கத் தாங்கச் சுவர் தடிக்கும். ஆறு வாரத்தில் 6 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டருக்குள் ஆழம், நிமிஷத்துக்கு 600 மில்லி ஓட்டம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். என் சிரைக்குக் கணக்கு தெரியவில்லை, பத்து வாரம் எடுத்துக்கொண்டது. அதுவரை டயாலிசிஸுக்குக் கழுத்தில் டியூப். கிருமி ஏறிவிடும் என்பதால் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆபரேஷனைவிட எனக்கு இதுதான் பெரிய கொடுமை.

முதல் நாள் ஊசி சுவரைத் தாண்டி இறங்கி முன்கை கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. ஒரு வாரம் விட்டு மறுபடி குத்தினார்கள். ஒரு ஊசி ரத்தத்தை எடுக்க, இன்னொன்று திருப்பி விட. ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் சுவர் நைந்து புடைத்துவிடும் என்று டெக்னீசியன் தம்பி ஒவ்வொரு தடவையும் இடத்தை மாற்றுகிறார்.

மூன்று வாரம் தொந்தரவில்லாமல் ஓடியபின் கழுத்து டியூபை எடுத்தார்கள். புண் ஆறட்டும் என்று இன்னும் சில நாள் பொறுக்கச் சொன்னார்கள். அந்த வெள்ளிக்கிழமை இரண்டு பொட்டலம் சீயக்காய் கரைத்தேன்.