ஆடியில் வீடு தேடுங்கள்

மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் குறைந்த வாடகைக்கு வீடு வேண்டுமா? ஆடியிலோ மார்கழியிலோ தேடுங்கள். அப்போது யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், வீட்டுக்காரர் வாடகையில் இறங்கி வருவார். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஆவணியிலோ தையிலோ குடிபோகலாம்.

முதலில் சுவர். தரையிலிருந்து ஓரடிவரை பெயிண்ட் உப்பி, விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தால் ஓதம், அதாவது சுவரில் ஏறிய ஈரம். கீழே மட்டும் புதுசாக அடித்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். ஐப்பசி அடைமழையில் பீரோத் துணியெல்லாம் பூசணம் பிடிக்கும். வாசற்படி தெருவைவிடத் தாழ்ந்திருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

மின் மீட்டர் தனியா? வீட்டுக்காரர் மீட்டரிலிருந்து பிரித்த சப்மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்கள் கைக்கு வருவது அரிது.

அட்வான்ஸ், தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைதான். ஒப்பந்தத்தில் கூடுதலாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுவே செல்லும். அந்த வரியை நிதானமாகப் படியுங்கள்.