குறைந்தது சரி, சிதைந்ததா? – ஐசோடோப்பு நாட்குறிப்பு

மார்ச் 3

கண்காணிப்புக் கிணறுகளில் ட்ரைகுளோரோஎத்திலீன் (நிலத்தடி நீரை மாசுபடுத்தும் ஒரு தொழிற்சாலைக் கரைப்பான்) அளவு இறங்கிக்கொண்டே வருகிறது. அதை மட்டும் பார்த்து நுண்ணுயிர் சிதைத்துவிட்டது என்று எழுத முடியாது. நீர்த்துப்போனாலும், மண்ணில் ஒட்டிக்கொண்டாலும் அளவு இறங்கத்தான் செய்யும். ஆனால் அந்த இரண்டிலும், அதிலுள்ள கார்பனின் இரு ஐசோடோப்புகளான கார்பன்-13க்கும் (கனமானது) கார்பன்-12க்கும் (லேசானது) உள்ள விகிதம் அநேகமாக அசையாது. பிணைப்பு உடைந்தால் அசையும். கார்பன்-12 உள்ள பிணைப்பு சற்றே வேகமாக உடைவதால், மிச்சத்தில் கார்பன்-13 ஏறிக்கொண்டே போகும்.

மார்ச் 5

மாதிரி எடுப்பு. மெதுவாக நீர் இறைத்து, பி.எச்., மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன் மூன்றும் நிலைத்த பிறகே பிடிக்க வேண்டும். 40 மி.லி. குப்பி, டெஃப்லான் பூச்சுள்ள மூடி. நுண்ணுயிர் வேலையை நிறுத்த உள்ளே ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டிருக்கும், பி.எச். 2க்குக் கீழே இறங்க வேண்டும். விளிம்பில் நீர் குமிழாக நிற்கும்வரை நிரப்பி மூடு. வழியவிட்டால் அமிலமும் போய்விடும். கவிழ்த்துத் தட்டிப் பார், காற்றுக்குமிழ் கூடாது.

ஒரு கிணற்றில் எத்தனை முறை பிடித்தாலும் குமிழ் வந்தது. கை தவறவில்லை, நீரில் பைகார்பனேட் அதிகம். அமிலம் பட்டதும் பொங்குகிறது. அமிலமில்லாத குப்பியில் பிடித்து, ஐஸில் வைத்து உடனே அனுப்புவதுதான் வழி.

மார்ச் 6

சரிபார்ப்புக்காக வெற்றுக் குப்பிகளும் இரட்டை மாதிரிகளும் சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்பியாயிற்று.

மார்ச் 18

வாயு நிறப்பகுப்பியில் சேர்மங்கள் பிரிந்து, சுமார் 950 டிகிரி செல்சியஸ் உலையில் எரிந்து கார்பன் டைஆக்சைடாகி, நிறைமானிக்குப் போகின்றன. அந்த வாயுவின் நிறை 44, 45, 46 அளக்கப்படும். ஒவ்வொரு சேர்மமும் வரைபடத்தில் ஓர் உச்சியாக வரும். கவனம் வேண்டியது உச்சியின் வாலில். கார்பன்-13 உள்ள மூலக்கூறு ஒரு நொடிப்பொழுது முன்னால் வெளிவரும். அடுத்த உச்சி ஒட்டி வருகிறதே என்று வாலை நறுக்கினால் கார்பன்-12தான் அதிகம் தொலையும். நடக்காத சிதைவு நடந்ததுபோல் எண் வரும். இரண்டு உச்சிகளும் அடிக்கோடு வரை பிரியாவிட்டால் அந்த மதிப்பை எடுத்துக்கொள்ளவே கூடாது.

மார்ச் 24

கணக்கு. ஐசோடோப்பு விகிதம் ஒரு தர அளவிலிருந்து ஆயிரத்துக்கு எத்தனை பங்கு (‰) விலகுகிறது என்று எழுதுவோம்; எண் ஏறினால் கார்பன்-13 கூடுதல். மாசு கசியும் மூலத்தில் -30‰, நீரோட்டத்தில் கீழே உள்ள கிணற்றில் -22‰ என்று வைப்போம். எட்டு நகர்வு. வழக்கமான பிழை ±0.5‰; அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2008 வழிகாட்டி கேட்பது 2‰ நகர்வு. தாராளமாகத் தாண்டியாயிற்று.

எவ்வளவு சிதைந்தது என்பதற்கு, நகர்வையும் மிச்சத்தையும் இணைக்கும் ரேலே சமன்பாடு. செறிவூட்டல் காரணி (சிதைவு விகிதத்தை எவ்வளவு அசைக்கும் என்பதன் அளவு) -10 என்றால் மிச்சம் 45%. -16 என்றால் மிச்சம் 61%. காரணி நுண்ணுயிருக்கு நுண்ணுயிர் மாறுவதால், அறிக்கையில், சிதைவைக் குறைத்துக் காட்டும் -16ஐயே போடுவது நல்லது. பெருமைப்பட ஒன்றுமில்லை, ஆனால் யாரும் கேள்வி கேட்க முடியாது. மண்ணுக்கடியில் கரையாமல் தங்கிய ட்ரைகுளோரோஎத்திலீன் திரவம் இன்னும் கசிந்தால் புதிய -30‰ வந்து கலக்கும், நகர்வு மங்கும். அப்போது இந்த எண் உண்மையான சிதைவைவிடக் குறைவாகவே காட்டும்.

மார்ச் 26

ட்ரைகுளோரோஎத்திலீன் சிதையும்போது பிறக்கும் சிஸ்-டைகுளோரோஎத்திலீன் பக்கம் திரும்ப வேண்டும். பிறக்கும்போது அது தாயைவிட லேசாக, அதாவது கார்பன்-13 குறைவாக, இருக்கும். தாய் முழுவதும் தீர்ந்து, சேய் அப்படியே தேங்கி நின்றால் -30‰ வரை ஏறி நின்றுவிடும். அதைத் தாண்டி -25‰ என்று வந்தால்தான் அதுவும் சிதைகிறது என்று அர்த்தம். அடுத்து வருவது வினைல் குளோரைடு, தாயைவிட நச்சு. அதுவும் சிதைந்தால் வருவது எத்திலீன்; அடுத்த சுற்றில் எத்திலீனுக்கும் தனிக் குப்பி எடுக்க வேண்டும்.