மூன்று ஊசி போட்டும் நான்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் இரவு நேரத்தில் யாருக்காவது அடிபட்டு, ஆஸ்பத்திரி வண்டி வேறு எங்காவது போயிருந்தால் எங்களுக்குப் போன் வரும். நாங்கள் 11 பேர் கொண்ட ஆம்புலன்ஸ் குழு, எல்லாரும் தொண்டூழியர்கள். ஒருவர் லோரி ஓட்டுகிறார், ஒருவர் பள்ளி ஆசிரியர். நான் செம்பனைத் தோட்டத்தில் ஸ்டோர் கிராணி (குமாஸ்தா).

2022 ஆகஸ்ட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து. பையனின் ஹெல்மெட் கண்ணாடி நொறுங்கி முகத்தில் குத்தியிருந்தது. ரத்தத்தை அழுத்திப் பிடித்தபோது அந்தக் கண்ணாடி என் கையுறையைக் கிழித்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அவனை இறக்கிவிட்டுக் கையுறையைக் கழற்றியபோதுதான் பார்த்தேன்: கட்டைவிரல் முழுக்க அவன் ரத்தம். அன்று காலையில்தான் அதே விரலில் செம்பனை முள் ஏறி, அதை நோண்டி எடுத்திருந்தேன். காயம் இன்னும் வாய் மூடவில்லை.

சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவினேன். விரலைப் பிதுக்கவில்லை. அது மட்டும் பயிற்சியில் சொன்னது ஞாபகம் இருந்தது. டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “ஹெப்பாடைட்டிஸ் பி ஊசி போட்டிருக்கிறீர்களா?” அது ரத்தம் வழியாகப் பரவி ஈரலைத் தாக்கும் கிருமி. பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கு இந்த ஊசி போட ஆரம்பித்தது 1989-இல். நான் 1982-இல் பிறந்தவன். பதினைந்து வருஷமாக ஆம்புலன்ஸில் ஏறுகிறேன், ஒருவரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

எல்லாரும் பயப்படுவது எச்.ஐ.வி.க்கு. ஆனால் அந்தக் கிருமி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றுவது ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான் என்றார் டாக்டர். ஹெப்பாடைட்டிஸ் பி-யோ, தடுப்பூசி போடாதவர்களில் 100-க்கு 6 முதல் 30 பேர் வரை பிடிக்கும். காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும். எங்கள் ஸ்ட்ரெச்சர் பெல்ட்டை நாங்கள் எப்படித் துடைத்து வைக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தேன். வயிற்றைக் கலக்கியது.

பையனின் ரத்தத்தைச் சோதித்ததில் ஹெப்பாடைட்டிஸ் பி இருந்தது. பாவம், அவனுக்கே அதுவரை தெரியாது. எனக்கு ஏற்கெனவே அந்தக் கிருமியும் இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை. 24 மணி நேரத்துக்குள் ஒரு கையில் இம்யூனோகுளோபுலின், இன்னொரு கையில் தடுப்பூசியின் முதல் டோஸ். இம்யூனோகுளோபுலின் உடனே கிடைக்கிற இரவல் பாதுகாப்பு, தடுப்பூசி நம் உடம்பே செய்துகொள்ளும் பாதுகாப்பு. மிஸ்ஸி, அதாவது நர்ஸ், இப்படித்தான் எனக்கு விளங்கவைத்தார்.

அப்புறம் ஆறு மாதக் காத்திருப்பு. ரத்த தானம் கூடாது. பல் துலக்கும் பிரஷ், சவரக்கத்தி தனியாக. வீட்டுக்காரி 1990-இல் பிறந்தவள். மாமியார் அவளுடைய பழைய ஊசிக் கார்டை பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தார். அதில் மூன்று தேதிகளையும் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. 2023 பிப்ரவரியில் சோதித்தபோது எனக்குத் தொற்று இல்லை என்று வந்தது. இப்போது எழுதும்போதும் கண் கலங்குகிறது.

இரண்டாவது டோஸ் ஒரு மாதத்தில் சுலபமாகக் கிடைத்தது. மூன்றாவதுதான் இழுத்தது. நான் போன கிளினிக்கில், “நீங்கள் எங்கள் ஸ்டாஃப் இல்லையே, உங்கள் பெயர் லிஸ்டில் இல்லை” என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். சம்பளம் வாங்குகிறவருக்கு முதலாளி இருக்கிறார், தொண்டூழியருக்கு யார்? இது எனக்கு இன்னும் ஆறாத கோபம். கடைசியில் தனியார் கிளினிக்கில் காசு கட்டிப் போட்டுக்கொண்டேன், இரண்டு மாதம் தாமதமாக. தாமதமானால் முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். டாக்டர் விடவில்லை. “கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்தியை அளந்தே ஆக வேண்டும், அளவு குறைந்தது 10 இருக்க வேண்டும்” என்றார். ஜூனில் அளந்தார்கள். நான்கு. மூன்று ஊசி போட்டும் வெறும் நான்கு!

நாற்பது வயதைத் தாண்டியவர், புகை பிடிப்பவர், பருமனானவர், சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த ஊசி சில நேரம் சரியாகப் பிடிக்காதாம். எனக்கு வயதும் இருந்தது, சர்க்கரையும் இருந்தது. மறுபடியும் மூன்று ஊசி. 2024 மார்ச்சில் அளந்தபோது 132. அந்தத் தாளை மிஸ்ஸி நீட்டி, “அண்ணே, இனி தைரியமா ஏறுங்க” என்றார்.

அன்று சோதிக்காமல் விட்டிருந்தால், ஊசி போட்டாச்சு என்ற நம்பிக்கையிலேயே நான்கோடு வண்டி ஏறிக்கொண்டிருப்பேன். எங்கள் குழுவில் எல்லாரிடமும் நான் மன்றாடுவது இதைத்தான்: கார்டை மட்டும் காட்டாதே, அளந்த தாளைக் காட்டு. டெட்டனஸ் கடைசியாக எப்போது என்றும் கேட்கிறேன். பத்து வருஷத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும்.

ஊசி எல்லாவற்றையும் தடுத்துவிடாது என்பதும் உண்மை. 2010-இல் பகாங் லுபோக் யூவில், தண்ணீரில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களுக்கு எலிக்காய்ச்சலும் மெலியோய்டோசிஸும் வந்து, உயிரே போனது. மெலியோய்டோசிஸ் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் கிருமியால் வருவது, அதற்குத் தடுப்பூசியே கிடையாது. எலிக்காய்ச்சலுக்கும் நாங்கள் போட்டுக்கொள்ள இங்கே ஊசி இல்லை. ஆற்றிலோ வெள்ளத்திலோ இறங்க வேண்டியிருந்தால் காயத்தை மூடி, பூட்ஸ் போட்டுத்தான் இறங்குகிறோம். வந்த பிறகு காய்ச்சல் என்றால், தண்ணீரில் இறங்கியதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுகிறோம்.

இப்போது ஆம்புலன்ஸ் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: 11 பெயர், ஊசித் தேதிகள், அளவு. எட்டுக் கட்டங்கள் நிரம்பிவிட்டன. மிச்சம் மூன்று பேருக்கு அடுத்த மாதம் மூன்றாவது ஊசி. அன்று லீவு போட்டிருக்கிறேன், நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.